மாதிரிக் குழந்தை

அவள் முதுகு பிடித்துக்கொண்ட அன்று வீட்டிலிருந்த எல்லோரும் குழந்தையைத்தான் பார்த்தார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வாய்விட்டு அழுதது குழந்தைதான். அவள் அழவில்லை. அழ வேண்டுமென்றால் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். இழுத்தால் இடுப்புக்கு மேலே யாரோ கம்பியைப் போட்டு முறுக்கினார்கள். கம்பி அடைத்த சின்னக் கட்டிலுக்குள் குனிந்து, குழந்தையின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, மெத்தையிலிருந்து ஒரு சாண் உயரம் தூக்கியிருப்பாள். அவ்வளவுதான். அதற்கு மேல் போகவும் முடியவில்லை, கீழே விடவும் மனம் வரவில்லை. குழந்தை அந்தரத்தில் காலை உதைத்துக்கொண்டு வீறிட்டது.

அடுத்த வீட்டிலிருந்து நாத்தனார் ஓடிவந்தாள். கணவனின் அக்கா. வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடுகிறவள்.

"உன்னைப் பிடிக்கவா, இவளைப் பிடிக்கவா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் குழந்தையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவள் காலிக் கட்டிலுக்குள் கையை நீட்டியபடி நின்றாள், கணவன் உள்ளே வந்து கதவுப் பலகையை நிமிர்த்துவதுபோல அவளை மெல்ல நிமிர்த்தும்வரை.

அன்றிலிருந்து அவளால் குழந்தையைத் தூக்க முடியவில்லை. படுத்துக்கொண்டு பால் கொடுக்க முடிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச முடிந்தது. தூக்க மட்டும் முடியவில்லை. குழந்தையும் லேசுப்பட்டதில்லை. அப்பா அதற்கு மூட்டை என்று பெயர் வைத்திருந்தான். பெயருக்கு ஏற்றபடி நாளொரு சுற்று பெருத்தது. அழுதால் நாத்தனார் வந்து ஒரே வீச்சில் அள்ளிக்கொண்டு போவாள். கொஞ்ச நாளில் மூட்டை ஒரு காரியம் செய்தது. தூங்கி எழுந்ததும், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் அம்மாவைத் தாண்டி, வாசற்கதவைப் பார்த்தது. கையைக் கதவை நோக்கி நீட்டியது.

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. முதுகு வலிக்கிறது என்று சொல்ல முடியும். என் பிள்ளை கதவைப் பார்த்துக் கை நீட்டுகிறது என்று எந்த டாக்டரிடம் போய்ச் சொல்வது?

"போய்க் காட்டிட்டு வா," என்றான் கணவன். "பெரிய ஆஸ்பத்திரியில இதுக்குன்னே தனிப் பிரிவு வெச்சிருக்காங்களாம். பிள்ளை பெத்தவங்களோட முதுகுக்கு மட்டும்."

பிரிவின் பெயர் தாய்மை முதுகுத்தண்டு மேம்பாட்டுத் தனிப்பிரிவு. அது நாலாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் உண்டு. ஆனால் லிஃப்ட் கதவில், 'பொருட்களுக்கு மட்டும்' என்று பலகை மாட்டி, கீழே பிரிவுத் தலைவர் கையெழுத்துப் போட்டிருந்தார். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லிஃப்டுக்குள் ஒரு எலும்புக்கூடு ஏறியது. பாடம் நடத்த வைத்திருக்கும் பிளாஸ்டிக் எலும்புக்கூடு. சக்கரம் வைத்த தாங்கியில் தொங்கியபடி, கொஞ்சம் அலட்சியமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

"நானும் இதுல வரலாமா? முதுகு வலி," என்றாள்.

லிஃப்ட்காரர் அவளையும் எலும்புக்கூட்டையும் மாறிமாறிப் பார்த்தார். "படியில ஏத்தினா இதுக்கு முதுகு உடைஞ்சிடும்மா," என்று அன்பாகச் சொல்லிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினார்.

ஆனால் படி ஏறுவதற்கு முன்னால் கீழ்த்தளத்து ஜன்னலில் பதிய வேண்டும். அந்த ஜன்னல் அவள் இடுப்பு உயரத்தில் இருந்தது. உள்ளே இருப்பவர் உட்கார்ந்திருப்பார், அவருக்கு வசதியாக இருக்க வேண்டும் என்று கட்டியிருக்கிறார்கள். வெளியே இருப்பவர் நிற்பார் என்பதை யாரும் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. ஜன்னலுக்கு முன்னால் வரிசையாகப் பெண்கள் பாதியாக மடிந்து, ஒவ்வொருவராக ஓட்டைக்குள் தலையை விட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ வழிபாடு நடப்பதுபோல இருந்தது.

"முதுகு வலி," என்றாள் நின்றபடி.

"கேக்கல. குனிஞ்சு பேசுங்க," என்றது ஜன்னல்.

பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். "முதுகு வலிங்க. குனிய முடியல."

ஜன்னல்காரர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இப்ப குனிஞ்சுதானே பேசுறீங்க?"

"நீங்க சொன்னதால..."

"குனிய முடியுதுன்னு போட்டுக்கிறேன்," என்று எழுதிக்கொண்டார். "அடுத்தது."

நாலாவது மாடியில் சாய்மானம் இல்லாத பெஞ்சுகள் கிடந்தன. சாய்மானம் கொடுத்தால் முதுகு சோம்பேறி ஆகிவிடும் என்பது தலைவரின் கண்டுபிடிப்பு. சுவரில் பெரிய எழுத்தில், 'உன் முதுகு உன் பொறுப்பு' என்று எழுதியிருந்தது. அதைவிடப் பெரிய எழுத்தில், 'குழந்தைகளுக்கு அனுமதி இல்லை'.

"தாய்மார் பிரிவுல குழந்தைக்கு அனுமதி இல்லையா?" என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள்.

பக்கத்திலிருந்தவள் இரட்டைப் பிள்ளை பெற்றவள். எல்லோரும் அவளை இரட்டைக்காரி என்றே கூப்பிட்டார்கள். அங்கே வெகுகாலமாக வந்துபோகிறவள் என்பது பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்த தோரணையிலேயே தெரிந்தது. சொந்தத் தலையணை ஒன்று கொண்டுவந்து சுவருக்கும் முதுகுக்கும் நடுவே செருகியிருந்தாள்.

"முன்னால விட்டுட்டுதான் இருந்தாங்களாம். ஒரு வாண்டு அந்த எலும்புக்கூட்டோட சுண்டுவிரலை வாயில போட்டு முழுங்கிடுச்சு."

"ஐயோ. அப்புறம்?"

"மறுநாள் கிடைச்சிடுச்சு. இருந்தாலும் இவங்களுக்கு மனசு ஆறல."

சிகிச்சை அறைக்குள் இருந்த பெண் இளவயதுக்காரி. வெள்ளைக் கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, அளவுகோலை விழுங்கியதுபோல நின்றாள். உட்காரும்போதும் திரும்பும்போதும் அந்த நேர்கோடு கொஞ்சமும் வளையவில்லை. நேர்முதுகம்மா என்று வெளியே பேசிக்கொண்டார்கள். அவளைப் பார்த்தவுடன், ஒரு நாள் நானும் இப்படி நிற்பேன் என்று எல்லாத் தாய்மாருக்கும் நம்பிக்கை வர வேண்டும் என்பது ஏற்பாடு.

"எப்ப வலிக்குது?"

"பிள்ளையைத் தூக்கும்போது."

"தூக்கிக் காட்டுங்க."

"பிள்ளையை உள்ள விட மாட்டேங்கிறாங்களே."

நேர்முதுகம்மா இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் கண்ணாடி அலமாரியைத் திறந்தாள். உள்ளே ஒரு ரப்பர் பொம்மை படுத்திருந்தது. ரோஜா நிறம், மூடாத நீலக் கண், நிரந்தரச் சிரிப்பு. அதன் காலில் 'மாதிரிக் குழந்தை' என்று சீட்டுக் கட்டியிருந்தார்கள். அதைக் கட்டில்மேல் வைத்து, "தூக்குங்க," என்றாள்.

அவள் தூக்கினாள். உள்ளே காற்றுதான் இருந்தது. தலையணை உறை அளவுக்குக்கூடக் கனமில்லை.

"வலிக்குதா?"

"இதைத் தூக்கினா வலிக்கல. ஆனா என் பொண்ணு..."

"வலிக்கல," என்று நேர்முதுகம்மா எழுதினாள். "முதல் நாளே நல்ல முன்னேற்றம்."

வெளியே வந்து படியில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து இறங்கும்போது அவளுக்குத் தன் வேலை ஞாபகம் வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிறவள் அவள். வருகிறவர் மூக்கில் கனமான சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா? இதுவா... அதுவா?" என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதுதான் கணக்கு. உங்களுக்கு அது தெளிவாகத் தெரியக் கூடாது, இதுதான் தெரிய வேண்டும் என்று அவள் யாரிடமும் வாதாடியதில்லை. அடுத்தவர் கண்ணுக்குள் போய்ப் பார்க்கவா முடியும்? இத்தனை வருடமும் அதை ஒரு பெரிய விஷயமாக அவள் நினைத்ததே இல்லை. ஒருவர் சொல்வதை நம்புவதுகூட ஒரு வைத்தியமாக இருக்கலாம் என்று இப்போது தோன்றியது.

அடுத்தடுத்த வாரங்களில் அவளுக்குத் 'தூக்கும் முறை' கற்றுக்கொடுக்கப்பட்டது. முதலில் குழந்தைக்கு எதிரே நின்று, தூக்கப்போகிறேன் என்று அறிவிக்க வேண்டும். காலை அகட்ட வேண்டும். ஒரு முழங்காலை மடக்க வேண்டும். மூன்று முறை ஆழ்ந்து மூச்சு விட வேண்டும். மூன்றாம் மூச்சின் முடிவில், முதுகு வளையாமல், குழந்தையை மார்போடு அணைத்து எழ வேண்டும். மாதிரிக் குழந்தையிடம் இது மிக அழகாக நடந்தது. மாதிரிக் குழந்தை அறிவிப்பைக் கேட்டது, மூச்சுக்குக் காத்திருந்தது, எழும்போது சிரித்தது.

வீட்டில் முயன்று பார்த்தாள். கணவன் மூச்சை எண்ணுவதற்காக நின்றான். நாத்தனார் வேடிக்கை பார்க்க வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"மூட்டை, அம்மா உன்னைத் தூக்கப்போறேன்," என்று அறிவித்தாள்.

மூட்டை அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தது. அவள் காலை அகட்டினாள்.

"ஒண்ணு," என்றான் கணவன்.

மூட்டை குப்புற விழுந்தது.

"ரெண்டு."

மூட்டை மறுபடி புரண்டு மெத்தையின் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தது.

"எண்ணாதீங்க, இருங்க, நான் அந்தப் பக்கம் வரேன்..."

அவள் சுற்றிக்கொண்டு போய்க் காலை அகட்டுவதற்குள் மூட்டை பழைய இடத்துக்கே வந்துவிட்டது. பிறகு தலையைக் கம்பியில் இடித்துக்கொண்டு வீறிட்டது. அவளால் மூன்றாவது மூச்சுக்குக் காத்திருக்க முடியவில்லை. அப்படியே குனிந்து கையைக் கொடுத்தாள். கம்பி முறுக்கியது. கை தானாக விட்டுவிட்டது.

நாத்தனார் எழுந்து வந்தாள். அறிவிப்பு இல்லை, மூச்சு இல்லை. ஒரு கையால் அள்ளினாள். குழந்தை அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்து விம்மியது.

"மூட்டைக்கும் அந்த வகுப்புல ஒரு இடம் வாங்கிடு," என்று சொல்லிச் சிரித்தாள் நாத்தனார். கெட்ட எண்ணமில்லாத சிரிப்பு. அதனாலேயே அவளால் தாங்க முடியவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். பொறாமை என்பது இவ்வளவு சில்லறைத்தனமாக இருக்குமா? தனக்கு உதவி செய்கிறவளுடைய தோளை, அந்தத் தோளின் உயரத்தை, அதன் உறுதியைக் கண்டு எரிச்சல்படும் ஒரு பெண்ணாகத் தான் ஆகிவிட்டதை அவள் குழாய்ச் சத்தத்தினூடே நிதானமாகப் பார்த்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "தேங்க்ஸ்க்கா," என்றாள்.

மறுவாரம் நேர்முதுகம்மாவிடம், "பிள்ளை அசையுதுங்க," என்றாள்.

"அசையக் கூடாது. அசைஞ்சா முறை செல்லாது."

"அது எப்படிங்க அசையாம இருக்கும்? உயிர் இருக்கே."

நேர்முதுகம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தலைவர் உள்ளே வந்தார். தலைவர் எப்போதும் அப்படித்தான் வருவார், பின்னால் இரண்டு பேரோடு. அவர் குனிந்து யாரும் பார்த்ததில்லை. அவர் பேனா கீழே விழுந்தால், அந்த இரண்டு பேரில் ஒருவர் எடுத்துக் கொடுப்பார். இன்னொருவர், எடுத்தவரைப் பார்த்துத் தலையசைப்பார்.

"உங்க குழந்தைக்கு ஒத்துழைப்புக் குறைவு," என்றார் அவர், விஷயத்தைக் கேட்டதும். "அதுக்குத் தனியா வகுப்பு நடத்துறோம். குழந்தை ஒத்துழைப்பு வகுப்பு."

"குழந்தையைக் கூட்டிட்டு வரலாமா?"

"குழந்தைக்கு அனுமதி இல்லைம்மா. குழந்தை சார்பா நீங்க உட்காரலாம்."

அவள் உட்கார்ந்தாள். சாய்மானம் இல்லாத பெஞ்சில், தன் குழந்தையின் சார்பாக, அசையாமல் இருப்பது எப்படி என்று கற்றுக்கொண்டாள். முதுகு விண்விண் என்று தெறித்தது. கற்றுக்கொடுத்தவர் அவளைப் பாராட்டினார்.

அன்று இரட்டைக்காரி கீழ்ப் படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பொட்டலம் பிஸ்கட். "இன்னிக்கு எனக்கு விடுதலை," என்றாள். "குணமாயிட்டேன்னு எழுதிட்டாங்க."

"குணமாயிடுச்சா?" அவள் ஆசையோடு அருகில் போனாள். "எப்படிக்கா?"

"பசங்க நடக்க ஆரம்பிச்சுட்டானுங்க."

அவளுக்குப் புரியவில்லை.

"நடக்க ஆரம்பிச்சுட்டா யாரு தூக்கறா? தூக்கலைன்னா எங்க வலிக்கும்? போன வாரம் கேட்டாங்க, பிள்ளையைத் தூக்கும்போது வலிக்குதான்னு. தூக்கறதே இல்லம்மான்னேன். வலியில்லைன்னு எழுதிட்டாங்க." இரட்டைக்காரி ஒரு பிஸ்கட்டைக் கடித்தாள். "இங்க வந்த ஒருத்திகூடக் குணமாகாம போனதில்லை, தெரியுமா? எல்லாப் பிள்ளையும் ஒருநாள் நடந்துடுது. அதான் இவங்க வைத்தியம்."

"அப்ப உங்க முதுகு?"

"அது அப்படியேதான் இருக்கு. அது யாருக்கு வேணும்?" சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "ரெண்டு பேரையும் ஒருநாளாவது ஒண்ணா தூக்கிப் பார்த்துடணும்னு இருந்தேன். இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன். போட்டோகூட எடுக்க வேணாம், சும்மா கண்ணாடி முன்னால போய் நின்னு பார்த்தா போதும்னு. இப்ப கூப்பிட்டா ஓடுறானுங்க."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் கணக்குப் போட்டுக்கொண்டே போனாள். மூட்டை இப்போதே தவழப் பார்க்கிறது. அது எழுந்து நடந்துவிட்டால் தன்னையும் குணமானவள் என்று எழுதிவிடுவார்கள். முதுகு சரியாக வருடக்கணக்கில் ஆகட்டும், அவளால் பொறுத்துக்கொள்ள முடியும். பிள்ளை பொறுக்குமா? தூக்கும் கனத்தில் அது எத்தனை காலம் இருக்கும்? அந்தக் காலம் இந்தப் பெஞ்சில் கரைந்துகொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் பிரிவைப் பார்வையிட மேலிடத்திலிருந்து மதிப்பீட்டுக் குழு வருவதாகச் செய்தி வந்தது. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். எலும்புக்கூட்டைத் துடைத்து, லிஃப்டில் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, கடைசியில் கூட்டம் நடக்கும் கூடத்தில் முதல் வரிசைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். 'முன்மாதிரித் தாய்' என்று ஒருத்தி மேடையில் மாதிரிக் குழந்தையைத் தூக்கிக் காட்ட வேண்டும். அதற்கு இவளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் அளவுக்கு அழகாக மூச்சு விடுகிறவர்கள் யாருமில்லையாம்.

"எனக்கு இன்னும் வலிக்குதே," என்றாள்.

"அதை அன்னிக்குச் சொல்ல வேணாம்," என்றாள் நேர்முதுகம்மா மெல்ல. அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது.

குடும்பத்தாரும் வரலாம், குழந்தை மட்டும் கதவுக்கு வெளியே இருக்க வேண்டும் என்றார்கள். அதனால் கணவன் உள்ளே உட்கார்ந்தான். நாத்தனார் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

மேடை நடுவில் ஒரு மேசை போட்டு, அதன்மேல் மெத்தை விரித்து, மாதிரிக் குழந்தையைக் கிடத்தியிருந்தார்கள். அதற்குப் புதுச் சட்டை போட்டிருந்தார்கள். தலைவர் பேச எழுந்தார்.

"நான் இந்தப் பிரிவை ஆரம்பித்தபோது தாய்மார்களுக்கு முதுகுவலி இருந்தது," என்றார். "இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அது கவனிப்பாரற்ற முதுகுவலி. இன்றைக்கு அது முறையாகப் பதிவு செய்யப்பட்ட முதுகுவலி."

கைதட்டல்.

"சிலர் கேட்கிறார்கள், நோயாளியின் முதுகைத் தொட்டுப் பார்ப்பதில்லையே என்று. ஒரு முதுகைத் தொட்டால் அந்த ஒரு முதுகைப் பற்றித்தான் தெரியும். நாம் முதுகு என்ற கருத்தையே ஆராய்கிறவர்கள். குழந்தை அழுகிறது, புரள்கிறது, ஈரமாக்குகிறது. அதை வைத்துக்கொண்டு எந்த ஆராய்ச்சியும் நடக்காது. குழந்தையின் இடையூறு சிறிதும் இல்லாமல் தாய்மையை இவ்வளவு உயரத்துக்குக் கொண்டுவந்த பிரிவு நம்முடையது. அதுவும் நாலாவது மாடிக்கு!"

பெரிய கைதட்டல். எலும்புக்கூடு லேசாக ஆடியது.

அவள் முன்னால் வந்தாள். அறிவித்தாள். காலை அகட்டினாள். மூன்று மூச்சு விட்டாள். பொம்மையை மார்போடு அணைத்து எழுந்தாள். பளிச் என்று போட்டோ எடுத்தார்கள். எல்லோரும் கைதட்டும்போது அவள் கண் வாசலுக்குப் போனது. நாத்தனார் தோளிலிருந்து மூட்டை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளையும், அவள் மார்பில் இருந்த ரோஜா நிற உருப்படியையும். மூட்டையின் கீழுதடு மெல்லப் பிதுங்கியது. பிறகு கூடமே அதிரும்படி ஓர் அழுகை.

மதிப்பீட்டுக் குழுவில் வயதான ஓர் அம்மாள் இருந்தார். அதுவரை அரைத் தூக்கத்தில் இருந்தவர், கண்ணைத் திறந்து, "அது நிஜக் குழந்தையா?" என்று கேட்டார்.

"ஆமாம், ஆனால் வெளியே..." என்றார் தலைவர்.

"அதைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்களேன். பார்ப்போம்."

தலைவர் அவளைப் பார்த்தார். அவள் பொம்மையை மேசையில் வைத்துவிட்டு, "என்னால முடியாதுங்க," என்றாள். அவ்வளவு பேருக்கு முன்னால் அதைச் சொன்னபோது கூச்சமாக இல்லை. ஆச்சரியமாக, கொஞ்சம் இலேசாக இருந்தது. "அவளைத் தூக்கத்தான் இங்க வந்தேன். இன்னும் முடியல."

"பயம்! வெறும் பயம்!" என்று தலைவர் சிரித்தார். "முறை சரியாக இருந்தால் எல்லாக் குழந்தையும் ஒன்றுதான். நானே காட்டுகிறேன்."

கணவன் வாசலுக்குப் போய் மூட்டையை வாங்கிவந்து மேசைமேல் விட்டான். தலைவர் எதிரே நின்றார். "குழந்தாய், உன்னைத் தூக்கப்போகிறேன்," என்று அறிவித்தார். காலை அகட்டினார். பின்னால் நின்ற இரண்டு பேரும் அகட்டினார்கள். முதல் மூச்சு விட்டார். இரண்டாவது மூச்சுக்கு அவர் நெஞ்சை உயர்த்தியபோது, கழுத்திலிருந்து தொங்கிய கண்ணாடிச் சங்கிலியை மூட்டை எட்டிப் பிடித்தது. பிடித்ததை வாயில் வைத்துக்கொண்டு மேசை விளிம்பை நோக்கி ஒரு புரளல். கூடமே 'ஐயோ' என்றது. தலைவர் பாய்ந்து குனிந்து, திரும்பி, இரண்டு அக்குளிலும் கை கொடுத்தார்.

அப்படியே நின்றார்.

குழந்தை மெத்தையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தது. தலைவரின் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. அந்தச் சத்தம் ஏன் வரவில்லை என்று அந்தக் கூடத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

வாசலிலிருந்து நாத்தனார் ஒரே ஓட்டமாக வந்தாள். "உங்களைப் பிடிக்கவா, இவளைப் பிடிக்கவா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் மூட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். சங்கிலியும் கூடவே போயிற்று.

தலைவரைப் படியில் இறக்க முடியாது. லிஃப்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். லிஃப்ட்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பொருளுக்கு மட்டும்தான் சார். உங்க கையெழுத்துதான் போட்டிருக்கு."

"அட, திறய்யா!" என்றார் இரண்டு பேரில் ஒருவர்.

"வேலை போயிடும் சார் எனக்கு."

பிரிவின் மூத்தவர்கள் தாழ்வாரத்திலேயே கூடி ஆலோசித்தார்கள். கடைசியில் எலும்புக்கூட்டைத் தாங்கியிலிருந்து கழற்றி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தாங்கியில் தலைவரைச் சாய்த்து, 'கற்பித்தல் பொருள், ஒன்று' என்று எழுதி ஏற்றினார்கள். லிஃப்ட்காரர் மரியாதையாகக் கதவைச் சாத்தினார். சாய்மானமுள்ள நாற்காலியில் உட்கார்ந்த எலும்புக்கூடு முதல்முறையாக வசதியாகத் தெரிந்தது.

தாங்கியில் சாய்க்க உதவியபோது நேர்முதுகம்மாவின் கோட்டில் இரண்டு பொத்தான்கள் தெறித்திருந்தன. அவள் படிக்கட்டில் நின்று அவற்றைத் தேடிக்கொண்டிருந்தாள். திறந்த கோட்டுக்குள்ளே, மார்புக்குக் கீழிருந்து இடுப்புவரை அகலமான ஒரு பெல்ட் தெரிந்தது. உள்ளே உலோகப் பட்டைகள் தைத்த, இறுக்கிக் கட்டுகிற முதுகு பெல்ட்.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்களுக்குமா?"

"ரெண்டு பிள்ளை," என்றாள் நேர்முதுகம்மா. கோட்டை இழுத்து மூடினாள். பிறகு மூடுவதை விட்டுவிட்டாள்.

"அப்ப நீங்க இங்கயே பார்த்துக்கலாமே?"

"இங்கயா?" நேர்முதுகம்மா இப்படிக்கூடச் சிரிப்பாளா என்றிருந்தது. "இங்க யாராவது பார்த்துக்குவாங்களா? பஸ் நிலையத்துக்குப் பின்னால ஒரு அம்மா இருக்காங்க. தரைத்தளம். நான் அங்கதான் போறேன். பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க. பிள்ளை இல்லாம வந்தா திருப்பி அனுப்பிடுவாங்க."

அது ஓர் அறைதான். பச்சைத் திரை, ஒரு கட்டில், சாய்மானமுள்ள நாலு நாற்காலி. வைத்தியம் பார்க்கும் அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே, "பிள்ளையைத் தூக்கிக் காட்டுங்க," என்றாள். கூட வந்திருந்த நாத்தனார் மூட்டையைக் கட்டிலில் கிடத்த, அவள் குனிந்தாள். கம்பி முறுக்கியது. உடனே ஒரு கை முதுகில் வந்து படிந்தது. வெதுவெதுப்பான கை.

"இங்கயா?"

"இல்ல..."

"இங்கயா? இல்ல, கொஞ்சம் கீழயா? இதுவா, அதுவா?"

"இதுங்க," என்றாள். "இதுதான்." இத்தனை மாதத்தில் அவள் முதுகை இன்னொரு கை தொட்டது அதுவே முதல்முறை. நாத்தனார் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, வெளியே போகும் பஸ்ஸைக் காட்டுவதுபோல மூக்கை உறிஞ்சினாள். "எங்க வலிக்குதுன்னு நான்கூட ஒரு நாளும் கேட்கலையே," என்று பஸ்ஸிடம் சொன்னாள்.

அங்கே அதிசயம் எதுவும் நடக்கவில்லை. வயிற்றுத் தசைக்குச் சின்னச் சின்னப் பயிற்சி, கட்டிலின் உயரத்தை ஏற்றி வைப்பது, பிள்ளையை முதலில் உடம்போடு ஒட்டி இழுத்துக்கொண்டு பிறகு தூக்குவது. சில நாள் முன்னேறும், சில நாள் பின்வாங்கும். ஒரு நாள் காலையில் மூட்டை கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. கதவைப் பார்த்தது. கதவு சாத்தியிருந்தது. பிறகு அம்மாவைப் பார்த்தது. கையை நீட்டியது, வேறு வழியில்லாமல்தான். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. இழுத்து அணைத்து, தூக்கினாள். வலி எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. மூட்டை அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தது.

"போதும், இறக்கி விடு," என்றாள் உள்ளே வந்த நாத்தனார்.

"இன்னும் கொஞ்சம்க்கா," என்று சொல்லி, அவள் கண்ணாடி முன்னால் போய் நின்றாள்.

குழந்தைக்குத் தடுப்பூசி போட மறுபடி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. கீழ்த்தளத்தில் அதே ஜன்னல். அதன் பக்கத்துச் சுவரில் புதிதாக ஒரு படம் மாட்டியிருந்தார்கள். அவள்தான். மார்பில் ரோஜா நிறப் பொம்மை. கீழே, 'பூரண குணமடைந்த தாய், தன் குழந்தையுடன்'. மூட்டை படத்தை முறைத்துப் பார்த்துவிட்டு அவள் கழுத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டது.

"தடுப்பூசிக்கு வந்திருக்கோம்," என்றாள்.

"கேக்கல. குழந்தையைக் கீழ விட்டுட்டுக் குனிஞ்சு பேசுங்க," என்றது ஜன்னல்.

வரிசையில் மடிந்து நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குழந்தையை இடுப்பில் சரியாக ஏற்றிக்கொண்டாள்.

"இவளைத் தூக்கி வெச்சிருக்கேன்," என்றாள். "இறக்கற மாதிரி இல்ல. நீங்க எழுந்து நின்னு பேசுங்க."

ஜன்னலுக்குள் நாற்காலி கிறீச்சிட்டது. முதலில் ஒரு கை மேசையைப் பிடித்தது. பிறகு இன்னொரு கை இடுப்பைப் பிடித்தது. ஜன்னல்காரர் முனகிக்கொண்டே, பாதியில் நின்று, மறுபடி முனகி, ஒரு வழியாக நிமிர்ந்தார்.

"முடியலம்மா," என்றார். "முதுகு வலி."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எழுந்து நிக்க முடியுதுன்னு போட்டுக்கிறேன்," என்றாள்.